ஐந்துக்கு மேல் போன மதிப்பெண்: சாட்ஸ்வர்த் ஆசிரியை ஒருவருக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கோவில் மண்டபத்தில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிறார். 13 முதல் 17 வயது வரை 64 பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி வழிவந்த குடும்பங்கள், ஜூலு குடும்பங்கள், காங்கோவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். நான்கு மணிக்கே பலர் மேசையில் தலைசாய்த்துவிடுவதைப் பார்த்துக் கவலைப்பட்ட அவர், இணையத்தில் கிடைத்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் என்ற வினாத்தாளை ஆங்கிலத்தில் அச்செடுத்து, பெயரோடு நிரப்பச் சொல்லியிருக்கிறார். புரியாதவர்களுக்கு அவர் தமிழிலும், உதவிக்கு வந்த ஒரு பெண் ஜூலுவிலும் வாயால் விளக்கினார்கள். 49 பேருக்கு மதிப்பெண் 5-க்கு மேல் (இதில் எண் கூடினால் தூக்கம் மோசம்). "முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குத் தூக்க நோய், வசதியில்லாத வீடுகளில் ஒழுங்கு இல்லை, கைபேசியும் கையுமாக இருக்கிறார்கள்" என்று எழுதுகிறார். மெத்தை வாங்கித்தர முன்வந்திருக்கும் ஒரு நன்கொடையாளர், மூன்று மாதத்தில் இந்த மதிப்பெண் இறங்கியதைக் காட்டச் சொல்கிறாராம். பெற்றோருக்கு இப்போதே கடிதம் அனுப்பலாமா, தூக்கம் அளக்கும் கைப்பட்டை வாங்கலாமா, யாரிடமாவது அனுமதி வாங்கவேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் இரண்டு தாள்களைப் பற்றியும் சொல்கிறார். 14 வயதுப் பையன் ஒருவன், தினமும் இரவு பதினொன்று வரை மாமாவின் டேக்அவே கடையில் நிற்பதாக எழுதியிருக்கிறான். 15 வயதுப் பெண் ஒருத்தி, "ராத்திரி கண்ணை மூடவே பயமா இருக்கு" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

அன்புள்ள ஆசிரியை அம்மாவுக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பெண்ணின் ஒரு வரி, மற்ற 63 தாள்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் பார்க்க வேண்டியது. கெட்ட கனவாக இருக்கலாம். அக்கம்பக்கத்துச் சண்டையோ துப்பாக்கிச் சத்தமோ இருக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளைகள், மழை பெய்தாலே தூங்காமல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. வீட்டுக்குள்ளேயே யாரிடமாவது பயமாகவும் இருக்கலாம். ஊகிக்க வேண்டாம். நாளைக்கே, மற்ற பிள்ளைகள் காணும்படியும் ஆனால் காதில் விழாதபடியும் ஓர் இடத்தில் உட்காரவைத்து, "நீ எழுதினதைப் படிச்சேன் கண்ணு, சொல்லணும்னு தோணினா சொல்லு" என்று மட்டும் ஆரம்பியுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். துருவிக் கேட்காதீர்கள். அவள் சொல்வதை அவள் சொல்லிலேயே, தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடி, காயம், வேண்டுமென்றே கவனியாமல் விடுதல், பாலியல் துன்பம் இவற்றில் ஏதோ நடக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் தெரிந்தால், 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு உங்களுக்கு வழி சொல்கிறது. மாகாண சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல்துறையிடமோ படிவம் 22 வழியாகத் தெரிவிக்கலாம். ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் போல அந்தப் பிரிவில் பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கு இது கடமை, மற்றவர்களுக்கு உரிமை. பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, காவல்துறையிடம் உடனே சொல்லவேண்டியது 2007-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டப்படி எல்லோருடைய கடமையும். வழி தெரியாமல் தடுமாறினால் சைல்ட்லைனின் இலவச எண் 116-ஐ அழையுங்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களைப் பற்றிக் கவலைப்படும் பெரியவர்களும் அழைக்கலாம்.

இனி அந்த 49-க்கு வருவோம்.

அந்த அளவுகோல் யாருக்காக எழுதப்பட்டது?

பிட்ஸ்பர்க் அளவுகோல் 1989-இல் வெளிவந்தது. நல்ல கருவிதான். ஆனால் வளர்ந்தவர்களுக்காக வந்தது. 5 என்ற எல்லைக்கோடு, நன்றாகத் தூங்கும் பெரியவர்களை மனச்சோர்வு நோயாளிகளிடமிருந்தும் தூக்க மருத்துவமனைக்கு வந்தவர்களிடமிருந்தும் பிரித்துக்காட்டுவதற்காகப் போடப்பட்டது. அதைத் தாண்டினால் "தூக்கம் திருப்தியாக இல்லை, விசாரிக்க வேண்டும்" என்று பொருள். நோய் என்று பொருள் இல்லை. ஆகவே "முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குத் தூக்க நோய்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எங்கும் எழுதிவிடாதீர்கள்.

அந்த எண் ஒரு பக்கம் கூட்டிக் காட்டும், இன்னொரு பக்கம் குறைத்தும் காட்டும். அதில் 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கினால், நேரத்துக்கான பகுதியில் குறைபாடு பூஜ்யம். பெரியவர்களுக்கு அது சரி. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட பரிந்துரை. தினமும் ஏழே கால் மணி நேரம் தூங்கி வாடும் பிள்ளையை இந்தக் கருவி அந்தப் பகுதியில் கண்டுகொள்ளாது. இன்னொன்று, "வழக்கமாக எத்தனை மணிக்குப் படுக்கப் போவீர்கள்?" என்று ஒரே ஒரு நேரத்தைத்தான் கேட்கிறது. பள்ளி நாளில் ஒரு நேரம், சனி ஞாயிறில் வேறொரு நேரம் என்று இருக்கும் பிள்ளை எதை எழுதும்? ஒருத்தி வார நாளை எழுதியிருப்பாள், இன்னொருவன் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கணக்குப் போட்டு எழுதியிருப்பான். வாகனம் ஓட்டும்போதோ சாப்பிடும்போதோ பிறரோடு பழகும்போதோ கண் அசருகிறதா என்ற கேள்விக்கு உங்கள் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று பாருங்கள்.

மதிப்பெண் போட்ட விதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். 19 கேள்விகளையும் அப்படியே கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அவற்றை 7 பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட்டு, பிறகுதான் 21-க்குக் கூட்டவேண்டும். கூடவே, "12 மணி" என்று எழுதியதை நள்ளிரவு என்பதற்குப் பதில் நண்பகலாக எடுத்தால் படுக்கையில் கழித்த நேரம் தாறுமாறாகிவிடும். தூங்கிய நேரம் படுத்திருந்த நேரத்தைவிட அதிகமாக வரும் தாள் ஒன்றாவது உங்கள் தாள்கட்டுக்குள் இருக்கும். அதை ஒதுக்கி வையுங்கள், திருத்த முயலாதீர்கள்.

ஒரே இரவு, இரண்டு கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மையத்தில் நடப்பதன் உள்ளர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண். அந்த வீட்டில் நாற்காலி, மேசை, சோபா எல்லாமே அந்த ஒரு மெத்தைதான். இரவு 10:15-க்கு அதில் ஏறி வீட்டுப்பாடம் எழுதுகிறாள். 11 மணிக்கு விளக்கணைத்துத் தூங்க முயல்கிறாள். அரை மணி நேரம் புரண்டு 11:30-க்குக் கண்ணயர்கிறாள். நடுவில் குழந்தை அழுது இரண்டு முறை எழுந்ததில் 20 நிமிடம் போகிறது. காலை 5:15-க்கு விழித்து, 5:20-க்கு எழுந்து, பலரும் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்ஸியைப் பிடிக்க ஓடுகிறாள். அவள் தூங்கியது 325 நிமிடம், அதாவது 5 மணி 25 நிமிடம்.

பிட்ஸ்பர்க் முறையில் படுக்கையில் கழித்த நேரம் 10:15-இலிருந்து கணக்காகும்: 425 நிமிடம். 325-ஐ 425-ஆல் வகுத்தால் தூக்கத் திறன், அதாவது படுக்கையில் கழித்த நேரத்தில் தூங்கிய பங்கு, 76 சதவீதம். 85-க்குக் கீழே இருப்பதால் ஒரு மதிப்பெண் குறை ஏறிவிடும். தினமும் தூங்கிய விவரத்தைக் குறித்துவைக்கும் தூக்க நாட்குறிப்பு முறையிலோ தூங்க முயன்ற 11 மணியிலிருந்துதான் கணக்கு: 380 நிமிடம். இப்போது திறன் 85 சதவீதம், "நன்றாகத் தூங்குகிறாள்" என்று வரும்.

ஒரே பெண், ஒரே இரவு. முதல் கணக்கு அவளிடம் இல்லாத கோளாறு ஒன்றை அவள் மேல் சுமத்துகிறது. வீட்டில் மேசை இல்லாததைத் தூக்கக் குறையாக எழுதிவிடுகிறது. இரண்டாவது கணக்கு அவளுக்குக் குறையே இல்லை என்கிறது. உண்மையில் அவளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் பற்றாக்குறை. களைத்துப்போன உடம்பு படுத்ததும் தூங்கிவிடும். ஆகவே தூக்கம் போதாதவர்களின் திறன் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். அந்த அழகைப் பார்த்து ஏமாறக்கூடாது.

இதனால்தான் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கச் சொல்கிறேன்: தூங்குவதற்குக் கிடைத்த நேரம், அந்த நேரத்துக்குள் தூக்கம் வந்த விதம், தூக்கம் விழுந்த கடிகார நேரம். முதலாவது பெரும்பாலும் வீட்டையும் பள்ளியையும் பொறுத்தது. இரண்டாவதில்தான் நோய், பயம், குளிர், சத்தம் எல்லாம் தெரியும். மூன்றாவதில் வயதின் பங்கு பெரிது. மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டியதும், வீட்டின் குறை பிள்ளையின் குணமாகிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் "ஒழுங்கு இல்லை" என்ற முடிவு அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

கைபேசி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பருவ வயதில் உடம்பின் உள்கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. எட்டு வயதில் ஒன்பது மணிக்கே கண்சொக்கிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பதினொன்றுக்கும் தூக்கம் வருவதில்லை. விடுமுறையில் பத்து மணி வரை தூங்கினால் "கும்பகர்ணன்" என்று திட்டு விழும். அந்தப் பெண் வார நாட்களில் 11:30-க்கும் 5:15-க்கும் நடுவே தூங்கினால், தூக்கத்தின் நடுப்புள்ளி இரவு 2:20-ஐ ஒட்டி விழுகிறது. சனிக்கிழமை இரவு ஒரு மணியிலிருந்து ஞாயிறு காலை 10 வரை தூங்கினால் அது 5:30. மூன்று மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி. வாராவாரம் வேறொரு நாட்டுக்கு விமானம் ஏறிப் போய் வருவது போன்ற அலைச்சல் அது. போதாதென்று டர்பனில் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. தடித்த திரைச்சீலை இல்லாத வீட்டில் அந்த வெளிச்சம் நேரே முகத்தில்தான் விழும்.

எதைக் கொண்டு அளப்பது

என் பரிந்துரை 14 நாள் நாட்குறிப்பு. பள்ளி நாட்களும் இரண்டு சனி ஞாயிறுகளும் அதில் வந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: படுக்கையில் ஏறிய நேரம், தூங்க முயன்ற நேரம், தூக்கம் வர ஆன நிமிடம், எத்தனை முறை விழிப்பு, மொத்தம் எத்தனை நிமிடம், ஏன் விழிப்பு, கடைசியாக விழித்த நேரம், எழுந்த நேரம், பகலில் தூங்கியது. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதுவதுதான் சரி. அது முடியாத வீடுகளுக்கு, மையத்தில் முதல் ஐந்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்குங்கள், ஆனால் "மாலையில் எழுதியது" என்று ஓர் அடையாளம் போடுங்கள். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளையும் மொத்தமாக நிரப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது நினைவாக இருக்காது, கற்பனையாக இருக்கும். கடிகாரம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மசூதியின் பாங்கு, தெருவில் முதல் டாக்ஸியின் ஹாரன், டிவி தொடர் முடிந்த நேரம் போன்ற அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள். கால் மணி துல்லியம் தாராளம்.

ஒரு பிள்ளைக்குக் குறைந்தது ஐந்து பள்ளி இரவுகளும் இரண்டு விடுமுறை இரவுகளும் தேறவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் அவருடைய சராசரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் எத்தனை பேர் அப்படி விடுபட்டார்கள் என்று எழுதி வையுங்கள். மையத்துக்கு வராத நாள்தான் அந்தப் பிள்ளைக்கு மோசமான இரவாக இருந்திருக்கும். விட்டுப்போனவர்களை மறந்துவிட்டால் உங்கள் கணக்கு எப்போதும் உண்மையைவிட நன்றாகவே தெரியும்.

நாட்குறிப்போடு, பருவ வயதினருக்கென்றே எழுதப்பட்ட வினாத்தாள் ஒன்று போதும். வளரிளம் பருவத் தூக்க விழிப்பு அளவுகோல் 12 முதல் 18 வயதுக்கானது. முழு வடிவில் 28 கேள்விகள், சுருக்க வடிவில் 10. படுக்கப் போவது, தூக்கம் பிடிப்பது, நடுவில் விழித்தால் மறுபடி தூங்குவது, காலையில் எழுவது ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கும். இதில் எண் கூடினால் தூக்கம் நல்லது, பிட்ஸ்பர்க்கில் கூடினால் மோசம். இரண்டையும் அருகருகே வைத்துக் குழம்பியவர்கள் பலர். மற்றவற்றுக்கு எதிர்த்திசையில், தலைகீழாகக் கணக்கிடவேண்டிய கேள்விகளையும் முதலிலேயே குறித்துவிடுங்கள். பகல் மயக்கத்துக்கு, 8 கேள்விகளும் 0 முதல் 32 வரை மதிப்பெண்ணும் கொண்ட சிறுவர் பகல்நேரத் தூக்கக் கலக்க அளவுகோல் எளிமையானது. அதில் "நாள் முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கிறாயா?" என்ற ஒரு கேள்வி மட்டும் தலைகீழ். இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை உண்டு. உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இந்தக் கருவிகளும்கூட ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. "படுக்கும் நேரம் வந்ததும்" என்று கேட்டால், படுக்கும் நேரம் என்று ஒன்று உள்ள வீடு, அதைச் சொல்லும் பெரியவர், தனக்கென்று ஒரு படுக்கை எல்லாம் இருப்பதாக அந்தக் கேள்வி எடுத்துக்கொள்கிறது. அம்மா இரவுப்பணியில் இருக்க, தம்பி தங்கையைத் தூங்கவைத்துவிட்டுத்தான் படுக்கிற பெண் இதற்கு என்ன குறிப்பாள்? அதனால் எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன், வெவ்வேறு வகை வீடுகளிலிருந்து ஆறேழு பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, "இந்தக் கேள்வி என்ன கேட்குது, உன் பேச்சில் சொல்லு" என்று கேளுங்கள். இந்த ஒரு மாலை வேலை பல தவறுகளை மிச்சப்படுத்தும்.

மொழியிலும் அப்படியே. "எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று தமிழில் கேட்டால், சாய்ந்த நேரமா தூங்கிய நேரமா என்பது கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. ஜூலுவில் உகுலாலா என்ற சொல்லும் படுப்பது, தூங்குவது இரண்டையும் குறிக்கும். நாட்குறிப்பில் "தூங்கணும்னு கண்ணை மூடினது எப்போ?" என்று பிரித்துக் கேளுங்கள். "சோம்பலா இருக்கா?" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள், நம்மவர்களிடம் அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. "அசதியா இருக்கா, கண் சொக்குதா?" என்றால் பிள்ளை உண்மையைச் சொல்லும். தமிழ்ப் பெயர் இருப்பதாலேயே தமிழில் விளக்கினால் புரியும் என்று எண்ணவேண்டாம். உங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலேயே ஆங்கிலம்தான். காங்கோ பிள்ளைக்குப் பிரெஞ்சோ சுவாஹிலியோ தேவைப்படலாம். முக்கியமாக, வாயால் ஆளுக்கொரு விதமாக விளக்காமல், மொழிபெயர்த்து, இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்ட ஒரே வாசகத்தை எல்லோருக்கும் வாசியுங்கள். அப்போதுகூட, ஜூலு பிள்ளைகளின் சராசரி இது, இந்தியப் பிள்ளைகளின் சராசரி இது என்று ஒப்பிட வேண்டாம். ஒரே கேள்வி இரு வீடுகளிலும் ஒரே பொருள் தருகிறதா என்று சோதிக்க நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். ஒன்பது பேரை முப்பது பேரோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசம், வீண் பழியைத் தவிர எதையும் தராது.

வீட்டைப் பற்றித் தனித்தாளில் சில கேள்விகள்: அந்த அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஒரு மெத்தையில் எத்தனை பேர், குளிர், கொசு, மூட்டைப்பூச்சி, சத்தம், வெளிச்சம், பசியோடு படுத்த நாள், இரவு வேலை, வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம். உங்களால் ஏதாவது செய்யமுடிகிறவற்றை மட்டும் கேளுங்கள். வருமானத்தைக் கேட்கவேண்டாம்.

கைப்பட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. அவை பெரும்பாலும் அசைவை வைத்துக் கணிப்பவை. அசையாமல் விழித்துக் கிடக்கும் நேரத்தையும் தூக்கமாக எண்ணிவிடும். ஒரே மெத்தையில் மூன்று பேர் புரண்டால் அந்தக் கணக்கும் கெடும். மின்சாரம் போகும் வீட்டில் அதற்குச் சார்ஜ் ஏற்றுவது ஒரு சுமை. பிள்ளையின் உடல்நலத் தகவல் ஒரு நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேர்வது இன்னொரு கவலை. எல்லாவற்றுக்கும் மேல், டாக்ஸி நிறுத்தத்தில் பளபளக்கும் கடிகாரத்தோடு நிற்கும் பிள்ளையிடம் யாராவது அதைப் பறிக்க வரலாம். அந்தப் பணத்தில் திரைச்சீலையும் கொசுவலையும் வாங்குங்கள்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். ஜூன், நவம்பர் தேர்வு வாரங்கள், ஈஸ்டரை ஒட்டிய தீமிதி நாட்கள், புரட்டாசி விரதம், முஸ்லிம் பிள்ளைகளுக்கு ரமலான் மாதம் எல்லாவற்றையும் தவிருங்கள். பள்ளி திறந்து மூன்றாவது வாரம் நல்ல நேரம்.

அனுமதி

நீங்கள் ஏற்கெனவே ஒரு தவறு செய்துவிட்டீர்கள், ஆனால் திருத்தக்கூடிய தவறு. இங்கே 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் சிறார்கள். 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போபியா என்று சொல்கிறோமே அது, சிறாரின் தகவலையும் உடல்நலத் தகவலையும் தனிப் பாதுகாப்போடு வைத்திருக்கிறது. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் பெயரோடு திரட்டக்கூடாது. பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் மெத்தையோ பாடமோ குறையாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்.

கையில் இருக்கும் 64 தாள்களில் பெயர்ப் பகுதியை வெட்டி எடுத்துக் குறியீட்டு எண் போடுங்கள். பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். சம்மதம் தராத வீட்டுத் தாளை அழித்துவிடுங்கள். மையத்தின் சொந்தப் பயனுக்கு மட்டும் என்றால் இவ்வளவு போதும். ஆய்வாக வெளியிட எண்ணினால், 2003-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி பெற்றோரின் சம்மதமும், புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பதிவுபெற்ற ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் முதல் தாளையே கொடுக்கக்கூடாது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது நல்லது.

நன்கொடையாளரிடம் சொல்ல வேண்டியது

மெத்தை வந்தால் மொத்த மதிப்பெண் இறங்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டாக்ஸியும் பள்ளி மணியும் மாறாதவரை தூங்கக் கிடைக்கும் நேரம் மாறாது. மெத்தை மாற்றக்கூடியது குளிரால், உடம்பு வலியால், நெரிசலால் வரும் விழிப்பை. அதை மட்டும் எண்ணிக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். மிக மோசமான மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்ப அளந்தால், மெத்தையே இல்லாவிட்டாலும் கொஞ்சம் நல்லதாகத்தான் தெரியும், ஏனென்றால் மிக மோசமான வாரத்துக்குப் பின் சுமாரான வாரம் வருவது இயல்பு. மெத்தைகள் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணையாக வருமானால், யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். முதல் குழுவுக்குக் கிடைத்து, இரண்டாம் குழு காத்திருக்கும் அந்த ஆறு வாரம் ஒரு நேர்மையான ஒப்பீடு தரும். எல்லோருக்கும் மெத்தையும் வந்து சேரும். நன்கொடையாளரிடம் போகும் அறிக்கையில் மொத்த எண்கள் மட்டுமே இருக்கட்டும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள். "காங்கோ பிள்ளைகள் 3 பேர்" என்றால் சாட்ஸ்வர்த்தில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

யாரை கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும்

மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் சிலரைக் காத்திருக்க வைக்கக்கூடாது. குறட்டையோடு மூச்சு நின்று திணறி எழும் பிள்ளை. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிற, சிரித்தால் முழங்கால் தளர்ந்துபோகிற பிள்ளை. இரவில் கால் குடைந்து அசைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளை. மாதவிடாய் தொடங்கிய பெண்களில் இரும்புச்சத்துக் குறைவை இதற்காகப் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இரவில் வியர்வையும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை, இந்த நாட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இரவில் இழுப்பு வந்து எழுந்தால் ஆஸ்துமா. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அன்றே, தனியாக அனுப்பாமல், நீங்களோ பெற்றோரோ கூடவே போய்க் காட்டவேண்டும். சில மருந்துகளாலும் கெட்ட கனவு வரும். என்ன மருந்து என்று நீங்கள் கேட்காதீர்கள். "மாத்திரை சாப்பிட்ட பிறகு கனவு தொந்தரவுன்னா நர்ஸ்கிட்ட சொல்லு" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்கு வேண்டியது மருத்துவர் இல்லை. 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதை 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மாமா அதை வேலையாக நினைக்காமல், குடும்பத்துக்குக் கைகொடுக்கிறான் என்றே எண்ணியிருக்கலாம். முதலில் அம்மாவோடு பேசுங்கள், பிறகு அவரோடு சேர்ந்து மாமாவிடம். அவன் கொண்டுவரும் காசை நம்பித்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்றால், 18 வயது வரை கிடைக்கும் குழந்தை ஆதரவு உதவித்தொகையை, அரசின் சமூக உதவித்தொகை முகமையான சாசாவில் பெறுகிறார்களா என்று பாருங்கள். விண்ணப்பிக்காதிருந்தால் அந்தப் படிவத்தை நிரப்ப நீங்கள் உட்கார்ந்து உதவலாம். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால், அவன் உங்கள் மையத்துக்கு வருவதுதான் முதலில் நிற்கும்.

பெற்றோருக்கு அனுப்ப இருந்த கடிதத்தை நிறுத்திவையுங்கள். அதற்குப் பதில் இவ்வளவு எழுதினால் போதும்: "உங்கள் பிள்ளை மாலையில் அசந்துபோவதைக் கவனித்தோம். எல்லாப் பிள்ளைகளும் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள், எதனால் எழுந்துகொள்கிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்துப் பார்க்க விரும்புகிறோம். இது பரீட்சை இல்லை, யார் வீட்டையும் எடைபோடுவதும் இல்லை. விருப்பம் இல்லையென்றால் சொல்லிவிடலாம். போன வாரம் உங்கள் சம்மதம் கேட்காமல் ஒரு தாள் நிரப்பவைத்தோம், அதற்கு மன்னிக்கவும். அந்தத் தாளை நீங்கள் திரும்பக் கேட்டால் தந்துவிடுகிறோம்." ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் பிரெஞ்சிலும் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். வாசிக்கத் தெரியாத வீடுகளுக்கு நீங்களே ஒருமுறை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.